டீச்சருக்குப் போன நகல்

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலியும் குறையவில்லை, வாயும் குறையவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு அந்த மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா? உங்கள் அணைக்கட்டில் போன் எடுக்காது என்பதால் கடிதமே கதி என்று ஆகிவிட்டது. பத்து நாளைக்கு ஒரு தரம் வரும் ஜீப்பை நம்பித்தான் நம் அக்கா தம்பி உறவே ஓடுகிறது.

எனக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே ஒரு அறை. போன மாதம் வரை பந்தும் வலையும் அடைத்து வைத்திருந்த அறை, இன்னும் ரப்பர் வாசனை போகவில்லை. கதவில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பெயர்தான் நீளம். மனசு சரியில்லாத பிள்ளைகளைப் பற்றிப் பள்ளி சொல்வதை மனநல மருத்துவமனைக்கும், மருத்துவமனை சொல்வதைப் பள்ளிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தோறும் ஃபைல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன்.

முதல் பிள்ளை வந்தாயிற்று. பதின்மூன்று வயசுப் பெண். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறாள். இழுத்தால் அலறுகிறாள். விளையாட்டு வாத்தியார் இழுத்தார், மணிக்கட்டில் கடி வாங்கினார். தலைமையாசிரியர் என்னிடம் பட்டென்று சொல்லிவிட்டார்: “நவம்பர் இருபதாம் தேதி மீட்டிங். அதுக்குள்ள சரியாகலைன்னா தங்கிப் படிக்கிற சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிடுவோம்.” அது ஆறு மணி நேரப் பயணம். அவளுக்கு வீட்டில் அப்பா மட்டும்தான். அவளை அங்கே அனுப்ப விடக்கூடாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ அவளைப் படிக்கட்டுக்காரி என்று வைத்துக்கொள். உடனே பதில் போடு, சோம்பேறி.

இப்படிக்கு உன்
அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்கா,

நலம். அவளும் நலம். அப்பாவின் முழங்காலும் வாயும் நீடூழி வாழ்க.

வேலை கிடைத்தது நல்லது. அந்தப் பக்கத்துச் சேதி இந்தப் பக்கம், இந்தப் பக்கத்துச் சேதி அந்தப் பக்கம் என்றால் அதற்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் இல்லை, தபால்காரி என்று பெயர். சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்த வேலை நன்றாக வரும்.

நீர்மட்டம் எழுபத்தோரு அடி. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் போய் அளந்து எழுதுகிறேன். மூன்று வேளையும் பெரும்பாலும் அதே எண்தான். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண் மங்கிய பிறகு உன் கடிதம் என்றால் அவருக்கு என் குரல்தான். “இவ்வளவுதானா? தந்தி அடிக்கிறானா?” என்று கேட்டார். இரண்டு பக்கம் எழுதினால் அணை உடைந்தா போகும்? உன் வீட்டுக்காரி எங்களுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பதும் அவருக்குக் குறை. எல்லோரும் சுகம்தானே?

தம்பி, படிக்கட்டுக்காரி பேசிவிட்டாள்! ஆறு வாரம் தினமும் மதியம் நானும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதல் வாரம் முதுகைக் காட்டினாள். மூன்றாம் வாரம் என் செருப்பைப் பார்த்து “வார் பிஞ்சிருக்கு” என்றாள். ஐந்தாம் தடவை என்னோடு மருத்துவமனைக்கு வந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் அவள் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். முதல் நாள் ஏதோ சண்டையில் இவள் “நீ இல்லாட்டி வீடு நிம்மதியா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் மதியம் பள்ளியிலிருந்து போனால் அம்மா இல்லை. தன்னால்தான் போனாள் என்று அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறாள். மதியமானால் யாரையாவது ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் ஒளிந்துகொள்கிறாள். எனக்கு அறிக்கையைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது.

அந்த அறிக்கையை ஒரு நகல் எடுத்து வகுப்பு டீச்சருக்குக் கொடுக்கப் போகிறேன். பாவம், நல்ல டீச்சர்தான். காரணம் தெரிந்தால் இந்தப் பிள்ளையிடம் பதமாக நடந்துகொள்வார். பள்ளியும் மருத்துவமனையும் ஒரே தாளைப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பாவும் டிவியும்தான். இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

நலம். நகலை டீச்சரிடம் கொடுத்துவிட்டாயா? கொடுக்காவிட்டால் கொடுக்காதே. விவரம் பிறகு எழுதுகிறேன். இங்கே மழை. மண் சரிந்து பாதை அடைத்துக் கிடக்கிறது. ஜீப் எப்போது வருமோ தெரியவில்லை.

தம்பி


செப்டம்பர் 4

தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ பன்னிரண்டாம் தேதி எழுதியது நேற்றுதான் கைக்கு வந்தது. நான் நகலைக் கொடுத்தது இருபதாம் தேதி.

டீச்சர் அன்று இரவெல்லாம் தூங்கவில்லையாம். மறுநாள் மதியம் நேராகப் படிக்கட்டுக்குப் போயிருக்கிறார். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, “அம்மா போனது உன்னால இல்லடா கண்ணு, நீ அப்படி நினைக்கவே கூடாது” என்று சொல்லி அழுதிருக்கிறார். சாப்பாடு முடிந்து மணி அடித்த நேரம். படியில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் நாற்பது பிள்ளைகள்.

அவள் கடிக்கவில்லை, அலறவில்லை. எழுந்து வகுப்புக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை, மருத்துவமனைக்கும் வரவில்லை. தலைமையாசிரியர், “வராத பிள்ளைக்கு மீட்டிங் ஒரு கேடா? இப்பவே சிறப்புப் பள்ளிக்கு எழுதிடட்டுமா?” என்கிறார். நவம்பர் வரை பொறுங்கள் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

நல்லதை நினைத்துத்தானே கொடுத்தேன்? டீச்சரும் நல்லதை நினைத்துத்தானே சொன்னார்? கொடுக்காதே என்று உனக்கு எப்படித் தெரிந்தது? நடந்தது எதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா


செப்டம்பர் 24

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பாதை சரியாகிவிட்டதென்று செய்தியில் சொன்னார்கள், அதனால் பாதையைக் குற்றம் சொல்ல முடியவில்லை. உடம்புக்கு ஏதாவதா? உன் வீட்டுக்காரியையாவது இரண்டு வரி எழுதச் சொல்லக்கூடாதா?

நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா மோட்டார் பழுது பார்க்கிறவர், கையெல்லாம் கிரீஸ். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் அவள் நிற்கிறாள், பாதம் மட்டும் தெரிகிறது. உனக்காகத்தானே எல்லாம் செய்தோம், எல்லோரும் உன் மேல் பிரியமாக இருக்கிறோம் என்று அரை மணி நேரம் பேசினேன். திரை அசையவில்லை. அவர் வாசல் வரை வந்து, “அவ எங்கிட்டகூடப் பேசறதில்லைங்க” என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றியது.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

நலம். இரண்டு தாள் வைத்திருக்கிறேன். சின்னத் தாள் அப்பாவுக்கு. நீர்மட்டம், மழை, அவர் முழங்காலுக்கு ஒரு விசாரிப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. இந்தத் தாள் உனக்கு மட்டும். இதைச் சத்தமாகப் படிக்காதே.

பதில் எழுத இத்தனை நாள் ஆனது உடம்பால் இல்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயசு. இடைவேளையில் பையன்கள் என்னைப் போட்டு வதைத்தார்கள். நான் பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மணி அடிக்கும் வரை நிற்பேன். வருஷம் பூராவும் நின்றேன். உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னாய். மறுநாள் அப்பா பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு டிரைவர் யூனிஃபார்மோடு வகுப்பு வாசலில் வந்து நின்று, “எம்பையனை பாத்ரூம்ல ஒளிய வச்சவன் எவன்டா?” என்று கத்தினார். அதுவரை நான்கு பேருக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு பள்ளி முடிக்கும் வரை என் பெயர் தாழ்ப்பாள்.

நீ என்னைக் காப்பாற்றினாய் என்று வீட்டில் இன்றும் பேச்சு. நீ இந்த மாதிரி படிப்புப் படித்ததே அதனால்தான் என்று சித்தி பெருமையாகச் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்பாவும் நீயும் என் மேல் பிரியமாக இருந்தீர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்று. அந்தப் பிள்ளையின் பெயரை எனக்கு எழுதக்கூடாது என்று கட்டுப்பாடாக இருந்தாய். அவள் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்பதை மட்டும் எழுதிவிட்டாய். அவளை நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு எதற்கு அக்கா?

திரும்ப அந்த வீட்டுக்குப் போனால் அவள் நன்மைக்காகச் செய்தேன் என்று சொல்லாதே. நீ செய்ததை மட்டும் சொல்.

தம்பி


அக்டோபர் 22

அன்புள்ள தம்பிக்கு,

சின்னத் தாளை அப்பாவுக்குப் படித்தேன். பெரிய தாளை நான் மட்டும் படித்தேன். ஆபீஸ் அறையில் தாழிட்டுக்கொண்டு படித்தேன், அழுது முடிக்கும் வரை கதவைத் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் கொண்டாடிக்கொண்டிருந்தது இதைத்தானா? மன்னித்துவிடு என்று எழுதக் கை வருகிறது. அதற்கும் நீ பதில் சொல்லியாக வேண்டுமே என்று தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். “நீ டாக்டர்கிட்ட சொன்னதை உன்னைக் கேக்காம நகல் எடுத்தேன். டீச்சர்கிட்ட கொடுத்தேன். அது தப்பு” என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

திரைக்குப் பின்னாலிருந்து, “வேற யார் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள்.

“டாக்டர், நான், டீச்சர். தலைமையாசிரியரும் படிச்சாரு. அப்புறம் என் தம்பி.”

“அவரு யாரு?”

“ஒரு அணைக்கட்டுல தண்ணி அளக்கறான்.”

“அவரு யாருகிட்ட சொன்னாரு?”

“யாருகிட்டயும் இல்லை. என்னைத்தான் திட்டினான்.”

திரை கொஞ்சம் விலகியது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று டாக்டரம்மாவைக் கேட்டு அந்த அறிக்கையை அவளிடமே கொண்டுபோனேன். பதினேழு வரி. பென்சிலைக் கையில் கொடுத்து, “மீட்டிங்குக்கு எது போகலாம், எது போகக் கூடாது, நீயே அடிச்சுக் கொடு” என்றேன். “எல்லாத்தையும் அடிக்கலாமா?” என்றாள். அடிக்கலாம் என்றேன். வெறும் தாளை எடுத்துக்கொண்டு மீட்டிங்கில் போய் நின்றால் அவளை அனுப்பியே விடுவார்கள்.

அக்கா


நவம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அப்பாவும் சுகம். நேற்று மீட்டிங் முடிந்தது.

பதினாறு வரியை அடித்துக் கொடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்: ‘மதியம் இருபது நிமிடம் தனியாக விட்டால் தானே வகுப்புக்கு வந்துவிடுவாள்.’ தலைமையாசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை வச்சுக்கிட்டு நான் என்னத்தை முடிவு பண்றது? காரணம் தாள்ல இருக்க வேண்டாமா?” என்றார். டாக்டரம்மா, “அவ கொடுத்தது இவ்வளவுதான் சார்” என்றார்.

அவளுக்காகப் பேசியது யார் தெரியுமா? வகுப்பு டீச்சர். “காரணம் தெரிஞ்சு நான் கிழிச்சதைத்தான் பாத்தீங்களே சார். இருபது நிமிஷம்தானே கேக்கறா, கொடுத்துட்டுப் போங்க” என்றார். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். கடைசியில் வருஷக் கடைசி வரை இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று பள்ளிக்கு வந்தாள். மதியம் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் தூரத்தில் நின்றேன். கையசைத்துக் கூப்பிட்டு, காதுக்குள் ஒன்று சொன்னாள். பதினெட்டு நிமிடத்தில் எழுந்து வகுப்புக்குப் போனாள்.

அவள் சொன்னதை உனக்கு எழுத மாட்டேன். சாயங்காலம் முழுக்க வாய் நமநமத்தது. வீட்டில் அப்பா தூங்கிவிட்டார், நான் ஒரே ஆளாக டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டேன். இந்த வேலையில் இவ்வளவு தனியாக இருக்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா


டிசம்பர் 6

அன்புள்ள அக்கா,

எழுத மாட்டேன் என்று நீ எழுதியதை நான்கைந்து தடவை படித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த முறை அப்பாவுக்கென்று தனித் தாள் வைக்கவில்லை. அவருக்குப் பொய் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

என் வீட்டுக்காரி போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. “என்னதான் நினைக்கிறீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் நீர்மட்டம் சொன்னேன். ஒரு நாள் ஜீப்பில் பெட்டியை ஏற்றினாள். ஏறும்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வாய் வரவில்லை. வண்டி திரும்பும் வரை நின்றுவிட்டு மதிய அளவு எடுக்கப் போனேன்.

இங்கே என்னையும் காவலாளியையும் தவிர ஆள் இல்லை. சில நாள் என் குரலை நானே கேட்பதில்லை. எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது அக்கா.

கிளம்பி வந்து நிற்காதே. சித்திக்கு போன் போடாதே. அவளிடம் போய்ப் பேசாதே. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி


டிசம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். வரவில்லை. யாருக்கும் போன் போடவில்லை. நீ கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன், கூப்பிடாவிட்டால் இங்கேயே இருப்பேன். அது எனக்கு எவ்வளவு பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை பையை எடுத்து வைத்துத் திரும்பப் பிரித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது அப்பா ஹாலில் இருந்தார். கவரைக் கிழிக்கும் சத்தம் கேட்டதுமே டிவியை அணைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். நான் முதலில் மனசுக்குள் படித்தேன். “என்ன, சத்தத்தையே காணோம்?” என்றார். தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நீ எழுதாத கடிதம் ஒன்றைப் படித்தேன். அங்கே குளிர் ஜாஸ்தி என்று படித்தேன். மருமகள் உனக்கு நீல நிறத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறாள், நீ அளவு கொடுக்காமல் ஓடுகிறாய், அவள் திட்டுகிறாள் என்று ஒரு பக்கம் படித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, எங்கிருந்து வந்ததோ.

அப்பா முகமெல்லாம் மலர்ந்து, “இப்பதான் மனசு விட்டு எழுதியிருக்கான். இன்னொரு தரம் படி” என்றார்.

இன்னொரு தரம் படித்தேன். ஸ்வெட்டர் பழுப்பு நிறம் என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது, நிறுத்த முடியாமல் கடைசி வரை படித்து முடித்தேன். அப்பா என் பக்கம் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. எப்போது அந்தப் பழைய நாள் மாதிரி டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து கத்துவாரோ என்று காத்திருந்தேன்.

அவர் கத்தவில்லை. ரொம்ப நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, மடிச்சு வை” என்றார்.

இதை எழுத உட்கார்ந்தபோது மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“அவனுக்குத்தானே எழுதறே? அப்பா ஒண்ணும் கேக்கலைன்னு எழுது” என்றார்.

என்றும் உன்
அக்கா